தமிழ்ச் செயலிக்குத் திரை வடிவமைப்பது எப்படி

பெரும்பாலான குழுக்களில் திரைகள் அனைத்தும் ஆங்கிலத்தில் வரைந்து முடிக்கப்பட்ட பிறகே தமிழ் வரிகள் அவற்றுக்குள் திணிக்கப்படுகின்றன. இந்த வரிசையை மாற்றுவதுதான் முதல் வேலை. திரை வடிவமைப்புக் கருவியான ஃபிக்மாவில் முதல் திரையைத் தொடங்கும்போதே உண்மையான தமிழ் வரிகளை இட்டு வரையுங்கள். ஆங்கிலத்தில் 6 எழுத்தில் அடங்கும் ‘சப்மிட்’ பொத்தான், ‘சமர்ப்பிக்கவும்’ என்று மாறியதும் 9 அகன்ற எழுத்துகளுக்கு இடம் கேட்கும். ஆகவே பொத்தானின் அகலத்தை ஓர் எண்ணாக நிறுத்திவிடாமல், ஃபிக்மாவின் ஆட்டோ லேஅவுட் வசதி மூலம் சொல்லுக்கேற்ப விரியவிடுங்கள்.

அதற்கும் முன்பாகச் சொல்லையே மறுபரிசீலனை செய்யலாம். ‘அனுப்பு’ என்பது சிறியதுதான் என்றாலும் அதட்டுவதுபோல் ஒலிக்கிறது. ‘அனுப்புக’ என்னும் வியங்கோள் வடிவம் சுருக்கத்தையும் மரியாதையையும் ஒருசேரத் தருகிறது. எதைத் தேர்ந்தாலும் செயலி முழுவதும் அதையே பின்பற்றுங்கள்.

பெயர்களை வாக்கியத்துக்குள் செருகும் இடங்களில்தான் மிகுந்த கவனம் தேவை. பயனரின் பெயருக்குப் பின் ‘க்கு’ என்று ஒட்டும்படி நிரலில் எழுதிவிட்டால், ‘முருகனுக்கு’, ‘கமலாவுக்கு’ என்று வரவேண்டிய இடங்களில் ‘முருகன்க்கு’, ‘கமலாக்கு’ என்று திரையில் தோன்றும். எல்லாப் பெயர்களுக்கும் பொருந்தும் வேற்றுமை விதியை நிரலில் எழுதுவது கடினம் என்பதால், பெயர் எழுவாயாகவே நிற்கும்படி வாக்கியத்தை மாற்றுவது நல்லது: ‘பெறுபவர்: முருகன்’ அல்லது ‘கமலா ஒரு படம் அனுப்பினார்’. இரண்டாவதில் உள்ள ‘ஆர்’ விகுதி ஆண், பெண் இருவருக்கும் மரியாதையோடு பொருந்துவதால் பாலைக் கேட்டறிய வேண்டிய தேவையும் நீங்குகிறது.

எழுத்துருவுக்கு நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர், கேட்டமரான், ஹிந்த் மதுரை ஆகியவை கூகுள் ஃபான்ட்ஸில் இலவசமாகக் கிடைக்கின்றன. வரி உயரத்தை எழுத்தளவின் 1.5 மடங்காக வைத்துத் தொடங்குங்கள். மேலே புள்ளியும் ‘கீ’யின் வளைவும், கீழே ‘ழு’, ‘கு’ ஆகியவற்றின் இறக்கமும் வெட்டுப்படாமல் இருக்க அது உதவும். சிறிய அளவில் மிகத் தடித்த எழுத்தைத் தவிர்ப்பது நல்லது, ஏனெனில் ‘ண’, ‘ஞ’ போன்றவற்றின் சுழிகள் அடைத்துக்கொள்ளும்.

நிரலாளரிடம் கட்டாயம் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. ‘தமிழ்’ என்னும் சொல்லில் நம் கண்ணுக்கு 3 எழுத்துகள். கணினி எழுத்துகளைச் சேமிக்கும் யூனிகோடு முறையில் 5 குறியீடுகள் (த, ம, இகரக் குறி, ழ, புள்ளி). இடம் போதவில்லையென்று 4 குறியீடுகளோடு வெட்டினால் புள்ளி உதிர்ந்து ‘தமிழ’ என்றாகிவிடும். எனவே நீளத்தைக் குறியீடுகளால் எண்ணாமல் முழு எழுத்துகளால் எண்ணும்படி கேளுங்கள். ஜாவாஸ்கிரிப்ட் நிரல்மொழியில் இதற்கென்றே இன்டல்.செக்மென்ட்டர் (Intl.Segmenter) என்னும் வசதி இருக்கிறது. ‘கொ’ போன்ற எழுத்தை யூனிகோடில் இரண்டு விதமாகச் சேமிக்க முடியும் என்பதால், தேடல் வசதியுள்ள செயலியில் உரையை ஒரே வடிவத்துக்கு இயல்பாக்கம் செய்வதும் அவசியம்.

செயற்கை நுண்ணறிவுக் கருவிகளைத் திரை அமைப்பின் மாற்று வடிவங்களை விரைந்து பார்க்கப் பயன்படுத்துங்கள். அங்கே அவை உண்மையிலேயே நேரத்தை மிச்சப்படுத்துகின்றன. படம் உருவாக்கும் கருவி வரைந்த தமிழ் எழுத்துகளை மட்டும் அப்படியே ஏற்க வேண்டாம். கொம்பும் காலும் இடம் மாறி, இல்லாத எழுத்துகள் பிறந்திருக்கக்கூடும். படத்தை எழுத்தின்றிப் பெற்று, எழுத்தை நீங்களே எழுத்துருவில் இடுங்கள். செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் எழுதித் தரும் பொத்தான் சொற்களையும் வாய்விட்டு வாசித்த பிறகே சேருங்கள்.

இறுதியாக, இணைய அணுகல்தன்மை வழிகாட்டியான டபிள்யூசிஏஜி (WCAG) 2.2, எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே கேட்கும் 4.5:1 நிற வேறுபாட்டைச் சரிபார்த்து, விலை குறைந்த கைபேசி ஒன்றில் எழுத்தளவை 200 விழுக்காட்டுக்கு உயர்த்தி, தமிழில் மட்டுமே வாசிக்கும் ஒருவரிடம் கொடுங்கள். அவர் எந்தச் சொல்லில் தயங்கி நிற்கிறாரோ, அதிலிருந்து திருத்தத்தைத் தொடங்குங்கள்.