நீந்துகிற பிள்ளையை அமெரிக்கக் கல்லூரிக்கு அனுப்ப நினைக்கிறீர்களா?

மகள் முதன்முதலாக ஒரு அமெரிக்கப் பயிற்றுநருக்கு எழுதிய மின்னஞ்சலுக்கு வந்த பதில் இரண்டே வரி. இந்த நேரங்களை எங்கே சரிபார்க்கலாம், முடிவுத்தாள் இருக்கிறதா என்று கேட்டிருந்தார். நாங்கள் அனுப்பியது ஒரு பாடசாலைப் போட்டியில் ஸ்ரொப் வோச்சில் எடுத்து யாரோ கொப்பியில் குறித்துவைத்த நேரம். தாள் எங்கேயும் இல்லை. அந்த இரண்டு வரிதான் எங்களுக்குப் பாதையைக் காட்டியது. இப்போது வடமராட்சிப் பக்கம் நீந்துகிற பிள்ளைகளின் தாய்தகப்பன் என்னிடம் வந்து விசாரிக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் சொன்னதை இங்கே ஒன்றாக எழுதிவைக்கிறேன்.

எங்கள் கரையில் நீச்சல் புதிதில்லை. நவரத்தினசாமி 1954இல் பாக்கு நீரிணையை நீந்திக் கடந்தார். ஆழிக்குமரன் ஆனந்தன் 1971இல் மன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்குப் போய்த் திரும்பியும் வந்தார். என் மகளும் கடலில்தான் நீந்தப் பழகினாள். கடல் தருகிற மூச்சுப்பலம் உண்மையானது. ஆனால் கல்லூரிப் பயிற்றுநர் தேடுவது தடாகத்தில் மின்னணு முறையில் பதிவான செக்கன். அதனால் முதல் வேலை, வருடத்துக்கு ஒரு முறையாவது கொழும்புக்குப் போய் சுகததாச தடாகம் போன்ற 50 மீற்றர் தடாகத்தில் அங்கீகரிக்கப்பட்ட போட்டியொன்றில் நீந்துவது. யாழ்தேவியில் போய் உறவுக்காரர் வீட்டில் நின்று வரும் செலவுதான் இந்தப் பயணத்தில் பிரயோசனமான முதல் செலவு. போட்டி முடிந்த அன்றே முடிவுத்தாளைப் படமெடுத்து வையுங்கள். பிறகு கேட்டால் கிடைக்கும் என்று நம்பி விடாதீர்கள்.

அடுத்தது கணக்கு. நான் கணிதம் படிப்பிக்கிறவள், ஆனாலும் இதில் தடுமாறினேன். அமெரிக்கக் கல்லூரிப் போட்டிகள் பெரும்பாலும் 25 யார் (yard) தடாகத்தில் நடக்கின்றன. 25 யார் என்றால் 22.86 மீற்றர். மகள் 50 மீற்றர் தடாகத்தில் 200 மீற்றர் பிறெஸ்ற் ஸ்ரோக்கை 2:49.6இல் முடித்தாள். அதை 0.9144ஆல் பெருக்கினால் 2:35 வரும். ஆனால் அது சரியான ஒப்பீடு இல்லை. 50 மீற்றர் தடாகத்தில் 200க்கு மூன்று திருப்பம், யார் தடாகத்தில் ஏழு. ஒவ்வொரு திருப்பத்திலும் சுவரை உதைத்து நீருக்கடியில் விரைவாகப் போகலாம் என்பதால் யார் நேரம் இன்னும் குறையும். இணையத்தில் மாற்றிக் கணிக்கும் கருவிகள் இருக்கின்றன. கடிதத்தில் நீந்திய உண்மையான நேரத்தையும் தடாகத்தின் நீளத்தையும் முதலில் எழுதுங்கள், மாற்றிக் கணித்ததைப் பக்கத்தில் போடுங்கள். மாற்றிக் கணித்ததை நீந்திய நேரம் மாதிரி எழுதினால் அங்கேயே நம்பிக்கை போய்விடும். தூரமும் சிலவற்றில் வேறு. நமது 400 மீற்றர் பிறீஸ்ரைலுக்கு அங்கே 500 யார், 1500க்கு 1650 யார்.

இனி எங்கே எழுதுவது? அமெரிக்கக் கல்லூரி விளையாட்டை நடத்தும் என்.சி.ஏ.ஏ. என்ற அமைப்பில் மூன்று டிவிஷன்கள், அதாவது பிரிவுகள், உண்டு. டிவிஷன் 1இலும் 2இலும் நீச்சலுக்கென்று புலமைப்பரிசில் கொடுக்கலாம். என்.ஏ.ஐ.ஏ. என்ற இன்னொரு அமைப்பின் கல்லூரிகளும் கொடுக்கலாம். டிவிஷன் 3இல் நீச்சலுக்காக ஒரு சதமும் கொடுக்கக்கூடாது. ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்ரன் அடங்கிய ஐவி லீக், டிவிஷன் 1 என்றாலும் அங்கேயும் விளையாட்டுப் புலமைப்பரிசில் இல்லை.

இதைக் கேட்டதும் பல தகப்பன்மார் டிவிஷன் 3ஐ ஒதுக்கிவிடுகிறார்கள். அதுதான் பெரிய பிழை என்று நினைக்கிறேன். பரீட்சையில் நல்ல பெறுபேறு, நீச்சலில் தேசிய மட்டத்து நேரம், வீட்டில் ஆசிரியர் சம்பளம் என்றால் உங்கள் பிள்ளைக்கு மிகப் பொருத்தமான கதவு அங்கேதான் இருக்கலாம். அம்ஹர்ஸ்ற், போடொயின், எம்.ஐ.ரி. மூன்றும் டிவிஷன் 3இல் நீந்துகின்றன. மூன்றுமே வெளிநாட்டுப் பிள்ளையின் குடும்ப வசதியைப் பாராமல் அனுமதியைத் தீர்மானித்து, பிறகு தேவைக்கேற்ற நிதியுதவி தருபவை. அனுமதி கிடைப்பது மிகவும் கடினம், அது உண்மை. வேறு பல கல்லூரிகள் உதவி கேட்டால் அதையும் கணக்கிலெடுத்துத்தான் அனுமதிக்கும். இந்த வித்தியாசத்தை ஒவ்வொரு கல்லூரியிடமும் நேரே கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

மின்னஞ்சலைப் பிள்ளைதான் எழுதவேண்டும், நீங்கள் இல்லை. தலைப்பிலேயே சேரவிருக்கும் ஆண்டு, பிரதான நீச்சல், நேரம், இலங்கை என்று நான்கும் இருக்கட்டும். உள்ளே சாதாரண தரப் பெறுபேறு, உயர்தரப் பாடங்கள், முடிவுத்தாளின் இணைப்பு, வீடியோ. வீடியோவைப் பெரிதாகச் செய்யத் தேவையில்லை. நான் தடாக விளிம்பில் பிளாஸ்ரிக் கதிரையில் ஏறி நின்று கைத்தொலைபேசியில் எடுத்தேன். முதல் தடவை கதிரை ஆடியதில் படமும் ஆடியது. இரண்டாவது தடவை தங்கச்சி கதிரையைப் பிடித்தாள். பாய்ச்சல், நீருக்கடியில் இழுக்கும் ஒரு இழுவை, ஒரு திருப்பம், முடிவு என்று நான்கும் தெளிவாகத் தெரிந்தால் போதும். பாட்டுப் போடாதீர்கள்.

பதில் வரவில்லையென்றால் உடனே மனமுடையக்கூடாது. டிவிஷன் 1 பயிற்றுநர்கள், பிள்ளை 10ஆம் வகுப்பு முடித்து வரும் ஜூன் 15க்கு முன் சேர்ப்பைப் பற்றி எழுதவோ கதைக்கவோ விதியில் இடமில்லை. டிவிஷன் 3இல் அந்தத் தடை இல்லை. நீந்தும் நேரம் குறைந்து முன்னேறும்போதெல்லாம் சின்னதாக ஒரு மடல் போடுங்கள். வீடியோ அழைப்பு என்றால் எங்கள் இரவு 7 மணி கோடைகாலத்தில் அவர்களுடைய கிழக்குக் கரையில் காலை 9.30. மின்வெட்டு வருமென்று தெரிந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், அவர்களுக்கு அது விளங்கும்.

பயிற்றுநர் "நீ எனக்கு வேண்டும்" என்பது அனுமதி இல்லை. டிவிஷன் 3இல் அவர் அனுமதி அலுவலகத்துக்குப் பரிந்துரைக்கலாம், அவ்வளவுதான். பிள்ளையின் பெறுபேறுகளை அந்த அலுவலகம் முன்கூட்டியே பார்த்துக் கருத்துச் சொல்ல முடியுமா என்று அவரிடம் கேளுங்கள். பல கல்லூரிகளில் அது நடக்கிறது. எங்களுக்கு உண்மை நிலை தெரிந்தது அப்போதுதான்.

நாட்காட்டி எங்களுக்கு எதிராக இருக்கிறது. அங்கே முற்கூட்டிய விண்ணப்பம் பெரும்பாலும் நவம்பர் 1இலோ 15இலோ முடியும். இங்கே 2024இலும் 2025இலும் உயர்தரப் பரீட்சை நவம்பரில்தான் தொடங்கியது. ஆகவே கட்டுரைகளும் ஆசிரியர் பரிந்துரைகளும் செப்ரெம்பரில் முடிந்துவிடவேண்டும். பரிந்துரைக் கடிதம் என்பது எங்கள் பாடசாலைகளுக்குப் பழக்கமில்லாத வேலை. மகளின் பௌதிகவியல் ஆசிரியர் நன்னடத்தைச் சான்றிதழ் மாதிரி மூன்று வரி எழுதித் தந்தார். நான் போயிருந்து, அவள் எந்தக் கேள்வியில் தடுமாறி எப்படித் திரும்ப வந்தாள் என்று உங்களுக்கு நினைவிருப்பதை எழுதுங்கள் சேர் என்றேன். அடுத்த நாள் இரண்டு பக்கம் வந்தது. தவணைப் பரீட்சைத் தாள்களையும் எறியாதீர்கள். உயர்தரப் பெறுபேறு வருமுன் அவைதான் சான்று.

பாடசாலை முடித்தபின் வருடங்களை வீணே கடத்தினால் போட்டியிடும் பருவங்கள் குறையலாம், ஆகவே தேதிகளை மறைக்காமல் சொல்லுங்கள். ஊர்ப் போட்டிகளில் காசுப் பரிசு வாங்கியிருந்தால் அதையும். டிவிஷன் 3இல் சேரும் வெளிநாட்டுப் பிள்ளைக்கும் தொழில்முறை வீரரல்லர் என்ற உறுதிப்பாடு வேண்டும்.

நிதியுதவிக்குப் பல கல்லூரிகள் குடும்ப வருமான விபரங்களை நிரப்பும் சி.எஸ்.எஸ். புரொபைல் படிவம் கேட்கும். சம்பளப் பட்டியல், வங்கிக்கூற்று, ஆங்கில மொழிபெயர்ப்பு எல்லாவற்றையும் ஒரு கோவையில் போட்டுவையுங்கள். உதவிக் கடிதம் வந்ததும் அதில் மருத்துவக் காப்புறுதியும் விமானச் சீட்டும் அடங்குகிறதா என்று பாருங்கள். எங்களுடையதில் சீட்டு இருக்கவில்லை. கேட்டு எழுதினோம், சேர்த்தார்கள். அதன்பிறகு கல்லூரியிடமிருந்து, விசாவுக்குத் தேவையான ஐ-20 படிவம் வரும். அதைக் கொண்டுதான் கொழும்பில் எஃப்-1 என்ற மாணவர் விசாவுக்கான நேர்முகம். மகளிடம் அங்கே என்ன படிக்கப்போகிறாய், யார் செலவு செய்கிறார்கள் என்று கேட்டார்கள். நீச்சலைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.