மிதிவண்டியில் விளக்கும் கைப்பேசியும் கழன்று விழாமல் பொருத்துவது எப்படி?

மிதிவண்டியில் மாட்டிய விளக்கோ வேகமானியோ கைப்பேசியோ ஓட்டத்தில் கழன்று விழுந்தால், பெரும்பாலும் அதன் திரை உடைவதோடு போய்விடும். ஆனால் அதே பொருள் முன்சக்கரத்தின் ஸ்போக்குகளுக்கு இடையில் சிக்கினால் சக்கரம் சட்டென்று நின்று, ஓட்டுபவர் ஹேண்டில்பாருக்கு மேலாகத் தூக்கியெறியப்படக்கூடும். ஆகவே இதைக் கருவியைக் காப்பாற்றும் விஷயமாக மட்டும் நினைக்காமல், ஓட்டுபவரின் பாதுகாப்பாகவே கருத வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஒவ்வொரு கருவிக்கும் இரண்டு பிடிகள் தேவை: அசையாமல் வைத்திருக்க ஒன்று, அது விட்டுப்போனாலும் கீழே விழாமல் தாங்க இன்னொன்று. கடையில் வாங்கும் பிராக்கெட்டுகள் (கருவியை மாட்டும் தாங்கிகள்) பெரும்பாலும் முதல் பிடியை மட்டுமே தருகின்றன.

எந்தக் கருவியும் பொதுவாக ஒரே நொடியில் விழுந்துவிடுவதில்லை. சாலையின் அதிர்வில், ஹேண்டில்பார் குழாயைச் சுற்றி இறுக்கிப் பிடிக்கும் கிளாம்ப் முதலில் மெல்லச் சுழல்கிறது, பிறகு ஆடுகிறது, அதன் பிறகே கழல்கிறது. சுழற்சியைத் தடுத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. அதற்கு முதலில் பார்க்க வேண்டியது குழாயின் விட்டம். கைப்பிடி உறை இருக்கும் இடத்தில் நேரான ஹேண்டில்பாரின் விட்டம் வழக்கமாக 22.2 மி.மீ.; நடுவில், ஸ்டெம் (ஹேண்டில்பாரை வண்டியோடு இணைக்கும் பாகம்) பிடிக்கும் இடத்தில், வண்டியைப் பொறுத்து 25.4, 26, 31.8 அல்லது 35 மி.மீ. இருக்கும். இவ்விரண்டுக்கும் நடுவே குழாய் சிறுகச் சிறுக மெலிந்துகொண்டே போகும். அந்தச் சரிவான பகுதியில் கிளாம்பைப் பூட்டினால், எவ்வளவு இறுக்கினாலும் அது மெலிந்த பக்கமாக நகர்ந்து தளர்ந்துவிடும். எனவே விட்டம் மாறாத நேரான பகுதியில்தான் பூட்ட வேண்டும்.

கிளாம்புக்கும் குழாய்க்கும் இடையில் வைக்க, கிழிந்துபோன பழைய டியூபை விடச் சிறந்த பொருள் எனக்குத் தெரிந்து வேறில்லை. கிளாம்பின் அகலத்துக்கு ஒரு துண்டு வெட்டிக்கொள்ளுங்கள். நீளம் குழாயை ஒரு சுற்றுச் சுற்றி, முனைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் தொட்டுக்கொள்ளும் அளவுக்கு இருக்க வேண்டும், 25.4 மி.மீ. குழாய்க்கு ஏறத்தாழ 80 மி.மீ., 31.8 மி.மீ. குழாய்க்கு 100 மி.மீ. தேவைப்படும். டியூபின் உட்புறத்தில் வெள்ளைத் தூள் படிந்திருக்கும். அதைச் சோப்பு நீரில் கழுவிக் காயவைக்காவிட்டால் பிடிமானத்துக்காக வைத்த ரப்பரே வழுக்கும். ஹேண்டில்பாரையும் எண்ணெய்ப்பசை போக ஸ்பிரிட்டால் துடைத்துவிடுங்கள். முனைகள் சேரும் இடம் கிளாம்பின் வாய்க்கு நேராக வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். சாதாரண டியூபின் தடிமன் சுமார் 1 மி.மீ.; ஆகவே 25.4 மி.மீ. கிளாம்பை 22.2 மி.மீ. குழாயில் மாட்ட வேண்டுமானால் இரண்டு சுற்றுகள் தேவைப்படும்.

திருகுகளை முறுக்கும்போது பொறுமை வேண்டும். இரண்டு திருகுகள் உள்ள கிளாம்பில் ஒன்றை முழுவதும் இறுக்கிவிட்டு மற்றதற்குப் போகாமல், மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கி, இருபுறமும் இடைவெளி சமமாக இருக்கும்படி முடிக்க வேண்டும். பிளாஸ்டிக் கிளாம்பை அளவுக்கு மீறி இறுக்கினால் அப்போதைக்கு நன்றாகப் பிடிப்பதுபோல் தோன்றினாலும், திருகுத் துளையைச் சுற்றி மயிரிழை விரிசல் விட்டுப் பின்னொரு நாள் உடையும். கார்பன் ஹேண்டில்பாராக இருந்தால், அதில் குறிப்பிட்டிருக்கும் முறுக்குவிசை அளவை (நியூட்டன் மீட்டர்) தாண்டவே கூடாது. உலோகத் திருகு உலோகத்துக்குள் இறங்கும் இடத்தில், நடுத்தர வலிமையுள்ள நீல நிறத் திருகுப் பசையை ஒரு சொட்டு விடலாம். ஆனால் அந்தப் பசை பாலிகார்பனேட், ஏபிஎஸ் போன்ற பிளாஸ்டிக்குகளில் விரிசல் விழச் செய்யும் என்பதால், பிளாஸ்டிக் பாகத்தின் அருகே அதைக் கொண்டுபோகவே வேண்டாம். அங்கே உள்ளே நைலான் வளையம் உள்ள நட்டைப் பயன்படுத்துங்கள். முதல் ஓட்டம் முடிந்ததும் ரப்பர் அமுங்கித் திருகு சற்றுத் தளர்ந்திருக்கும். மறுபடி ஒருமுறை முறுக்கிவிடுவது அவசியம்.

ரப்பர் பட்டையால் இழுத்துக் கொக்கியில் மாட்டும் விளக்குகள் வசதியானவைதான், ஆனால் வெயிலும் காற்றிலுள்ள ஓசோனும் ரப்பரை அரித்துவிடும். பட்டையை இழுத்துப் பிடித்துக்கொண்டு கொக்கி மாட்டும் துளையின் ஓரத்தைப் பாருங்கள்; தளர்ந்திருக்கும்போது கண்ணுக்குத் தெரியாத சிறு வெடிப்புகள் இழுக்கும்போது வாய் திறக்கும். அப்படி ஒன்று தெரிந்தாலும் பட்டையை மாற்றிவிட வேண்டும். சிலிகான் பட்டை இந்த அரிப்பை நன்றாகத் தாங்கும்.

கால் சுற்றுத் திருப்பிப் பூட்டும் வேகமானிகளில் ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. கருவியின் அடியில் இருக்கும் இரண்டு சிறிய பிளாஸ்டிக் காதுகள்தான் முழு எடையையும் தாங்குகின்றன. மண்ணும் மணலும் சேர்ந்து அவை தேய்ந்துவிடும். பூட்டிய பிறகு கருவியை விரலால் ஆட்டிப் பாருங்கள். புதிதாக இருந்தபோது இல்லாத ஆட்டம் இப்போது இருந்தால், காதுகளின் ஆயுள் முடிந்துகொண்டிருக்கிறது என்று பொருள்.

கைப்பேசி இவை எல்லாவற்றையும் விட எடை கூடியது. ஹேண்டில்பாரிலிருந்து அதைத் தள்ளி நீட்டி வைக்க வைக்க, ஒவ்வொரு குழியிலும் கிளாம்பின் மேல் விழும் நெம்புவிசை கூடும். முடிந்தவரை ஸ்டெம்முக்கு மேலேயே நடுவில் வையுங்கள். இருபுறமும் மட்டும் நெருக்கிப் பிடிக்கும் தாங்கியை விட, நான்கு மூலைகளையும் பிடிக்கும் தாங்கி நல்லது. ஆற்றல் மிகுந்த மோட்டார் சைக்கிள் எஞ்சின்களின் அதிர்வு ஐபோன் கேமராவைப் பாதிக்கக்கூடும் என்று ஆப்பிள் நிறுவனம் 2021-இல் எச்சரித்தது. மிதிவண்டியில் அத்தகைய எஞ்சின் இல்லை. ஆயினும் கரடுமுரடான பாதையில் நெடுநேரம் ஓட்டுபவர்கள் அதிர்வை உள்வாங்கும் தாங்கியை வாங்குவது வீண் செலவாகாது.

இனி இரண்டாவது பிடி. மெல்லிய, உறுதியான கயிறு ஒன்றின் ஒரு முனையைக் கருவியின் உடலிலுள்ள துளையில் கட்டி, மறுமுனையை ஹேண்டில்பாரிலோ ஸ்டெம்மிலோ சுற்றிக் கட்டுங்கள். பிராக்கெட்டில் கட்டாதீர்கள், பிராக்கெட்டே உடைந்தால் கயிறும் சேர்ந்தே போய்விடும். கயிறு எவ்வளவு குட்டையாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது. கட்டிய பின் கருவியைக் கழற்றித் தொங்கவிட்டு, ஹேண்டில்பாரை இடமும் வலமும் முழுதாகத் திருப்பி, சக்கரத்தையும் கையால் சுற்றிப் பாருங்கள். டயரையோ ஸ்போக்கையோ பிரேக்கையோ அது தொடவே கூடாது. தொட்டால் அந்தக் கயிறே விபத்துக்குக் காரணமாகிவிடும். துளை இல்லாத கைப்பேசிக்கு, நான்கு மூலைகளிலும் மாட்டும் சிலிகான் வலை உதவும். சீட் பையின் நாடாவில் கிளிப்பால் செருகும் பின்விளக்குகள் எளிதில் விழுபவை என்பதால், அவற்றுக்குக் கட்டாயம் ஒரு கயிறு வேண்டும். கிளிப்பைக் கிடைமட்டமான நாடாவில் மேலிருந்து கீழாகச் செருகினால் விளக்கின் எடையே அதை உள்ளே இறக்கி வைக்கும்.

சென்சார்களுக்கும் வயர்களுக்கும் நைலான் கேபிள் டை போதும். 2.5 மி.மீ. அகலமுள்ளது பொதுவாக 8 கிலோ வரையிலும், 4.8 மி.மீ. அகலமுள்ளது 22 கிலோ வரையிலும் இழுவை தாங்கும். வெள்ளை நிற டை வெயிலில் நொறுங்கிவிடும். வெயில் தாங்குவதற்கென்று செய்த கறுப்பு டையையே வாங்குங்கள். வயரைக் கட்டும்போது ஹேண்டில்பார் முழுதாகத் திரும்பும் அளவுக்குத் தொய்வு விட வேண்டும். ஒட்டுப்பட்டையால் பொருத்துவதாக இருந்தால் பரப்பைத் துடைத்து, அழுத்தி ஒட்டி, வலுவான இருபக்கப் பட்டைகளுக்கு 72 மணி நேரம் கொடுங்கள். அவை முழுப் பலம் பெற அவ்வளவு நேரம் ஆகும்.

எல்லாம் முடிந்ததும் முன்சக்கரத்தை ஒரு சாண் உயரம் தூக்கித் தரையில் போடுங்கள். கடகடவென்று சத்தம் வந்தால் எங்கோ ஏதோ தளர்ந்திருக்கிறது. பிறகு அழியாத பேனாவால் கிளாம்பிலிருந்து ஹேண்டில்பார் வரை ஒரே நேர்க்கோடு இழுத்துவிடுங்கள். வண்டியை எடுக்கும்போதெல்லாம் அந்தக் கோட்டைப் பார்த்தால் போதும். கோடு விலகியிருந்தால் கிளாம்ப் சுழலத் தொடங்கிவிட்டது, அன்றே திருகை முறுக்கிவிடலாம். வண்டியை நிறுத்தும்போது கருவிகளைக் கழற்றி எடுத்துச் செல்பவர்கள், திரும்ப மாட்டியதும் கருவியை மேல்நோக்கி ஒருமுறை இழுத்துப் பார்த்து, கயிற்றையும் மாட்டிவிட்டுத்தான் கிளம்ப வேண்டும்.