திருகோணமலையிலிருந்து வான்வழித் தூரத்தையும் பறப்பு நேரத்தையும் கணிப்பது எப்படி?

திருகோணமலைக்கும் சென்னைக்கும் இடையிலான தூரத்தைக் கைபேசியில் தேடினால் ஏறக்குறைய 500 கிலோமீற்றர் என்று காட்டும். கணக்கில் பிழை இல்லை; ஆனால் திருகோணமலை விமான நிலையம் உள்ள சீனன்குடாவிலிருந்து சென்னைக்கு வழமையான பயணிகள் சேவை இல்லாதபோது அந்த எண்ணை வைத்துக்கொண்டு எதையும் திட்டமிட முடியாது. ஆகவே எந்த விமான நிலையத்தில் ஏறி எங்கே இறங்கப் போகிறோம் என்பதை முதலில் தீர்மானித்து, அவ்விரண்டுக்கும் இடைப்பட்ட தூரத்தையே கணிக்க வேண்டும்.

கணிக்கும் முறை எளியது. அகலக்கோட்டில் ஒரு பாகை என்பது 60 கடல் மைல், அதாவது சுமார் 111 கிலோமீற்றர். கொழும்புக்கான விமான நிலையம் உள்ள கட்டுநாயக்கா வடக்கு 7.18 பாகையிலும் சென்னை விமான நிலையம் 12.99 பாகையிலும் உள்ளன, வித்தியாசமான 5.81ஐ 111ஆல் பெருக்கினால் 645 கிலோமீற்றர் வரும். இரண்டும் ஏறத்தாழ ஒரே நெடுங்கோட்டில் இருப்பதால் கிழக்கு மேற்கு வித்தியாசத்தைப் பொருட்படுத்தத் தேவையில்லை. தொலைதூர நகரங்களுக்கு இந்த முறை சரிவராது. பூமி உருண்டை என்பதால், பூகோள உருண்டையின் மேல் ஒரு நூலை இழுத்துப் பிடித்து அளப்பதே ஏறக்குறையச் சரியான விடையைத் தரும்.

நேரத்தைக் கணிக்க, ஜெட் விமானத்துக்கு மணிக்கு 800 கிலோமீற்றர் என்று வைத்துத் தூரத்தை வகுத்து, ஓடுபாதையில் ஊர்வதற்கும் ஏறி இறங்குவதற்குமாக அரை மணி நேரத்தைக் கூட்டிக்கொள்ள வேண்டும். இதன்படி கட்டுநாயக்காவிலிருந்து சென்னைக்கு ஏறக்குறைய 1 மணி 20 நிமிடம் ஆகும். யாழ்ப்பாண விமான நிலையம் உள்ள பலாலியிலிருந்து சென்னைக்குத் தூரம் 355 கிலோமீற்றர் மட்டுமே என்றாலும், அத்தடத்தில் பறக்கும் ஏடிஆர் என்ற சிறிய சுழலி விமானத்தின் வேகம் மணிக்கு 500 கிலோமீற்றர் அளவே என்பதால், பறப்பு நேரத்தில் மிச்சமாவது சில நிமிடங்கள்தான்.

திருகோணமலை மாவட்டத்துக் கிண்ணியாவிலும் மூதூரிலும் பலர் வளைகுடா நாடுகளுக்குச் சென்று வருகிறார்கள். அவர்களது குடும்பத்தினர் பயணச்சீட்டைப் படிக்கும்போது கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. சீட்டில் உள்ள நேரங்கள் அந்தந்த ஊரின் நேரங்கள். கட்டுநாயக்காவில் காலை 10 மணிக்குப் புறப்பட்டு டோஹாவில் பகல் 12.30க்கு இறங்குவதாக இருந்தால் பயணம் இரண்டரை மணி நேரம் அன்று. கட்டார் நேரம் நமக்கு இரண்டரை மணி நேரம் பிந்தியது என்பதால், உண்மையில் ஐந்து மணி நேரம். திரும்பி வரும்போது அதே இரண்டரை மணியைக் கழிக்க வேண்டும். மேலைக்காற்று பின்னிருந்து தள்ளினால் வரும் பயணம் சற்று விரைவாகவும் முடியும். இரவில் டோஹாவில் ஏறுபவர் மறுநாள் அதிகாலையில்தான் இறங்குவார் என்பதால், அழைத்துவர வாகனம் பிடிப்பவர்கள் நேரத்தை மட்டுமன்றித் திகதியையும் பார்க்க வேண்டும்.

எல்லாக் கணக்கிலும் பெரியது தரைவழிதான். ஹபரணை, தம்புள்ளை, குருநாகல் வழியாகக் கட்டுநாயக்காவை அடைய ஐந்து முதல் ஆறு மணி நேரமும், அங்கே விமானம் புறப்படுவதற்கு முன் மூன்று மணி நேரமும் ஒதுக்கினால், 1 மணி 20 நிமிடப் பறப்புக்காக ஒன்பது மணி நேரம் முன்கூட்டியே வீட்டைவிட்டுப் புறப்பட வேண்டியிருக்கும். காலை விமானமாயின், கந்தளாய்க்கும் ஹபரணைக்கும் இடையில் இரவில் யானைகள் வீதிக்கு வருவதால், முதல் நாள் பகலிலேயே புறப்பட்டு நீர்கொழும்பில் தங்குவது நல்லது.