ஃபிஷர் ஆபரேஷன்: கத்திய எடுக்கறதுக்கு முன்னாடி

போன வாரம் ஓபில ஒரு பிஜி தம்பி (சர்ஜரி மேல்படிப்பு படிக்கற டாக்டர்) ஒரு அம்மாவ பாத்துட்டு நேரா வந்து "சார் க்ரானிக் ஃபிஷர், சதைய வெட்டி விட்டுடலாமா"ன்னு கேட்டாரு. ஃபிஷர்னா ஆசனவாய்ல விழற கிழிசல் புண்ணு, க்ரானிக்னா நாள்பட்டது. வலி எத்தனை மாசம், என்ன மருந்து போட்டாங்க எல்லாம் சரியா சொன்னாரு. பிரசவம் எப்படி ஆச்சுன்னு மட்டும் கேக்கல. நானும் அந்த வயசுல கேக்கல, அதனாலதான் இத எழுதுறேன்.

கேக்காம வெட்டுறது

ஆசனவாய்ல ரெண்டு வளையத் தசை இருக்கு. வெளி ஸ்பிங்டர் நாம சொன்னா இறுக்கும். உள் ஸ்பிங்டர் நம்ம பேச்சு கேக்காது, ஆனா நாம தூங்கும்போதும் கதவ மூடி வச்சிருக்கறதுல பெரும்பங்கு அதோடதுதான். நாள்பட்ட ஃபிஷர்ல பெரும்பாலும் இதுதான் ரொம்ப இறுகி, ரத்த ஓட்டம் கொறஞ்சு, புண்ணு ஆறாம நிக்குது. பக்கவாட்டுல கொஞ்சம் வெட்டினா இறுக்கம் விடும், ரத்த ஓட்டம் திரும்பும், புண்ணு ஆறிடும். நல்ல ஆபரேஷன்தான், ஆனா வெட்டின நார் பழையபடி சேராது.

பிரசவத்துக்கு அப்புறம் வர்ற ஃபிஷர் பலதுல அந்த இறுக்கமே இருக்காது. பெண்களுக்கு ஆசனக் குழாயும் குட்டை, முன்பக்கம் தசையும் கம்மி, பிரசவத்துல வெளித் தெரியாம கிழிஞ்சும் இருக்கலாம். எனக்கு ஒரு பேஷண்ட், தினமும் தாம்பரம்–பீச் ட்ரெயின்ல வேலைக்குப் போறவங்க, முதல் குழந்தைய ஆயுதம் போட்டு எடுத்திருக்காங்க, நான் கேக்கவே இல்ல, வெட்டிட்டேன். புண்ணு ஆறிடுச்சு. நாலு மாசம் கழிச்சு வந்து தலைய குனிஞ்சுகிட்டே "காத்து தானா பிரியுது சார், ட்ரெயின்ல லேடீஸ் கம்பார்ட்மெண்ட்லயே நிக்க கூச்சமா இருக்கு"ன்னாங்க. அந்த நாலு மாசமும் வீட்ல யார்கிட்டயும் சொல்லல. இத இன்னைக்கும் ரெண்டு நிமிஷ கேள்வில தடுக்கலாம், அதான் எனக்கு ஆத்தாமையா வருது: காத்த அடக்க முடியுதா, அவசரம்னா எவ்வளவு நேரம் தாங்குவீங்க, துணில கறை படுதா, பிரசவத்துல தையல் எவ்வளவு போட்டாங்க. சந்தேகம் இருந்தா உள்ள வச்சு எடுக்கற அல்ட்ராசவுண்ட், தசை எவ்வளவு இறுகுதுன்னு அளக்குற ப்ரெஷர் டெஸ்ட். தசை தளர்ந்திருந்தா வெட்டாதீங்க, பக்கத்து தோல நகர்த்தி புண்ண மூடுற ஃப்ளாப் இருக்கு.

மேல வரைக்கும் வெட்டுறது

பழைய முறைல டென்டேட் லைன் (ஆசனக் குழாய்க்கு உள்ள பல்லு பல்லா தெரியற கோடு) வரைக்கும் போவாங்க. புண்ணோட உயரம் எவ்வளவோ அதுக்கு மேல போகாதீங்க. வெட்டு நீள நீள அடக்குற சக்தி போகும்.

பின்பக்கம் நடுவுல வெட்டுறது

வேண்டாம். சாவித் துவாரம் மாதிரி பள்ளம் விழுந்து கசியும்.

விரல் விட்டு விரிக்கிறது

எங்க, எவ்வளவு கிழியுதுன்னு பண்றவருக்கே தெரியாது. நிறுத்துங்க.

மருந்துக்கு டைம் குடுக்காதது

2% டில்டியாசெம் களிம்பு, நார்ச்சத்து, வெந்நீர்ல உக்காருறது, இத ஆறுல இருந்து எட்டு வாரம் ஒழுங்கா பண்ணா பல பேருக்கு கத்தியே வேண்டாம். பத்து நாள்ல வலி கொறஞ்சதும் விட்டுடாதீங்கன்னு முதல் நாளே சொல்லி அனுப்புங்க. போடாக்ஸ் ஊசி போட்டா தசை சில மாசம்தான் தளரும், அப்புறம் பழைய நிலைக்கு வந்துடும், அடக்குற சக்தி போயிடுமோன்னு பயம் இருக்கறவங்களுக்கு அது முதல்ல.

அந்த தம்பி திரும்பிப் போய் கேட்டாரு. ரெண்டாவது பிரசவம் ஆயுதம் போட்டு, நெறைய தையல். தியேட்டர் லிஸ்ட்ல பேர் போடாம அல்ட்ராசவுண்டுக்கு எழுதிட்டு வந்தாரு.