டேராடூன் மாவட்டம்: போகிறவர்களும் எழுதுகிறவர்களும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மே மாதத்தில் உத்தராகண்ட் மாநிலத்து டேராடூனுக்கு ஸ்வெட்டர் எடுத்துப் போவதுதான் முதல் தவறு. நானும் எடுத்துப் போனவன்தான். ரயிலை விட்டு இறங்கியதும் முகத்தில் அடித்தது வேலூர் வெயில். இமயமலை அடிவாரம் என்று கேட்டதுமே நம் மனசு ஊட்டியை நினைத்துக்கொள்கிறது. டேராடூன் நகரமோ கடல்மட்டத்திலிருந்து சுமார் 640 மீட்டர் உயரத்தில்தான் இருக்கிறது. பெங்களூரு 900 மீட்டருக்கு மேல். நம் ஓசூர்கூட டேராடூனைவிட உயரம். கோடையில் 40 டிகிரி தொட்டால் இங்கே யாரும் ஆச்சரியப்படுவதில்லை.

அதற்காக ஸ்வெட்டரே வேண்டாம் என்றும் சொல்ல முடியாது. அதே மாவட்டத்தில்தான் 2000 மீட்டரில் முசூரி இருக்கிறது, 2100 மீட்டருக்கு மேல் சக்ராதா இருக்கிறது, 350 மீட்டர் சுமாருக்கு ரிஷிகேஷும் இருக்கிறது. 'டேராடூன் மாவட்டத்தின் தட்பவெப்பம்' என்று ஒரே வரியில் முடித்துவிடுகிற குறிப்பு எதையும் நம்பிப் பெட்டி கட்டாதீர்கள்.

குழப்பம் பெயரிலேயே தொடங்கிவிடுகிறது. டேரா என்றால் முகாம். சீக்கிய குரு ஹர் ராயின் மகன் ராம் ராய் 17ஆம் நூற்றாண்டில் இங்கே வந்து தங்கிய இடம் அது. டூன் என்றால் இரண்டு மலைத்தொடர்களுக்கு நடுவே கிடக்கிற பள்ளத்தாக்கு. வடக்கே இமயத்தின் முன்மலைகள், தெற்கே சிவாலிக் குன்றுகள், கிழக்கு ஓரம் கங்கை, மேற்கு ஓரம் யமுனை. நகரத்துக்கும் அதே பெயர், மாவட்டத்துக்கும் அதே பெயர். ஆனால் மாவட்டம் பள்ளத்தாக்கோடு முடிவதில்லை. வடமேற்கே ஜான்சார்-பாவர் என்ற மலைநாடும் இதில் சேர்த்தி. அங்கே பேச்சு மொழி ஜான்சாரி, மக்கள் பட்டியல் பழங்குடியினர். நகரத்து மால்களைப் பார்த்துவிட்டு 'மாவட்டம் இப்படித்தான்' என்று எழுதினால் இந்தப் பகுதி அப்படியே விடுபட்டுப் போகும்.

புள்ளிவிவரத்திலும் இதே கதைதான். 2011 கணக்கெடுப்பில் மாவட்டத்தின் மக்கள்தொகை 16,96,694. அதில் சுமார் 55 சதவீதம் பேர் நகரவாசிகள். மலை மாநிலத்தில் இது பெரிய விஷயம்தான். ஆனால் சதுர கிலோமீட்டருக்கு 549 பேர் என்கிற சராசரியை வைத்துக்கொண்டு எதையும் புரிந்துகொள்ள முடியாது. நகரத்துத் தெருக்களில் நெரிசல் அதைவிட எவ்வளவோ மடங்கு; சக்ராதா பக்கம் ஒரு ஊருக்கும் அடுத்த ஊருக்கும் நடுவே காடுதான். இன்னொன்று, 2011இல் நகரத்தில் சுமார் 5.7 லட்சம் பேர் என்று எழுதும்போது ஆண்டைப் போடாமல் விடாதீர்கள். 2018இல் மாநகராட்சி எல்லை விரிந்து வார்டுகள் 100 ஆகிவிட்டன. பழைய எல்லையின் எண்ணையும் புதிய எல்லையின் எண்ணையும் பக்கத்தில் வைத்து 'இவ்வளவு வளர்ந்துவிட்டது' என்று சொன்னால் கணக்கு பொய்யாகிவிடும்.

அதிகம் பேர் சறுக்குவது ரிஷிகேஷில். ரிஷிகேஷ் நகரம், திரிவேணி படித்துறை, எய்ம்ஸ் மருத்துவமனை எல்லாம் டேராடூன் மாவட்டம். சரி. ஆனால் படத்தில் பார்த்துப் பழகிய ரிஷிகேஷ் பெரும்பாலும் இந்த மாவட்டமே இல்லை! நகரத்தைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனால் வரும் முனி கி ரேத்தி, தபோவன் இரண்டும் டெஹ்ரி கட்வால். அங்கிருந்து ராம் ஜூலாவில் நடந்து கங்கையைக் கடந்தால் எதிர்க்கரை பௌரி கட்வால். திருநெல்வேலிப் பத்தமடையில் பிறந்த சுவாமி சிவானந்தரின் ஆசிரமத்தை நம்மவர்கள் 'டேராடூன் மாவட்டம், ரிஷிகேஷ்' என்றே எழுதுகிறார்கள். அது இருப்பது டெஹ்ரி கட்வாலில். முசூரிக்குப் போகிறவர்கள் எல்லோரும் பார்க்கிற கெம்ப்டி அருவியும் அப்படியே, டெஹ்ரி கணக்கு. சும்மா சுற்றிப் பார்க்கிறவர்களுக்கு இதனால் நஷ்டமில்லை. புகார் கொடுக்கவோ சான்றிதழ் வாங்கவோ அலைகிறபோதுதான் எந்த மாவட்ட அலுவலகம் என்பது உறைக்கும்.

அப்புறம், தலைநகரம். 2000 நவம்பர் 9 அன்று உத்தராகண்ட் மாநிலம் பிறந்தபோது டேராடூன் இடைக்காலத் தலைநகரம்தான். 2020இல் சமோலி மாவட்டத்து கைர்சேணைக் கோடைக்காலத் தலைநகரமாக அறிவித்தார்கள். கட்வால் கோட்டத்தின் தலைமையிடமும் டேராடூன் இல்லை, பௌரி. 1975 வரை இந்த மாவட்டம் மீரட் கோட்டத்தில் இருந்தது.

ஆறுகளுக்கு வருவோம். டோன்ஸ் என்ற பெயரில் இங்கே இரண்டு ஆறுகள் உண்டு. பெரியது உயர்ந்த பனிமலைகளில் பிறந்து, இமாசல எல்லையை ஒட்டி ஓடிவந்து கல்சி பக்கம் யமுனையில் சேர்கிறது. சேருமிடத்தில் யமுனையைவிட இதில்தான் தண்ணீர் அதிகம். சின்னது டேராடூன் நகரத்தை ஒட்டி, தப்கேஷ்வர் குகைக் கோயில் வாசலில் ஓடுகிற தம்சா. பெயரை மட்டும் பார்த்து இரண்டையும் ஒன்றாக்கிவிடுகிற கட்டுரைகள் நிறைய. இதில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. நீர்ப்பிரிமேடு இந்த நகரத்தின் வழியாகத்தான் போகிறது. தம்சாவின் தண்ணீர் ஆசன் வழியாக யமுனைக்குப் போகிறது; ரிஸ்பனா, பிந்தால் ஓடைகளின் தண்ணீர் சுஸ்வா, சோங் வழியாகக் கங்கைக்குப் போகிறது. ஒரே ஊரில் பெய்த மழை பிரிந்து போய், பிரயாக்ராஜில்தான் மறுபடி சந்திக்கிறது.

அந்த ஓடைகள் வருடத்தில் பெரும்பகுதி வெறும் கூழாங்கல் படுகைதான். அதை 'காலி மனை' என்று நினைப்பதுதான் இங்கே உயிரையே வாங்குகிற தவறு. 2025 செப்டம்பரில் ஒரே இரவு மழையில் சகஸ்ரதாரா பக்கம் கடைகள் அடித்துப் போயின, தம்சா பெருகித் தப்கேஷ்வர் கோயிலுக்குள் புகுந்தது. 'ஆற்றோர வியூ' என்று விளம்பரம் செய்கிற மனையை ஜனவரியில் பார்த்துவிட்டு முன்பணம் கொடுக்காதீர்கள். ஆகஸ்டில் ஒருமுறை போய்ப் பாருங்கள், அக்கம்பக்கத்து டீக்கடையில் தண்ணீர் எதுவரை வரும் என்று கேளுங்கள். வெளிமாநிலத்தார் நகராட்சி எல்லைக்கு வெளியே வீட்டுக்காக 250 சதுர மீட்டருக்கு மேல் நிலம் வாங்கச் சட்டத்தில் இடமில்லை என்பதையும் தரகர் சொல்லமாட்டார்.

சக்ராதா ராணுவக் குடியிருப்பு ஊர். வெளிநாட்டு பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்கு அங்கே கட்டுப்பாடு உண்டு. சிங்கப்பூர், மலேசியாவிலிருந்து வரும் உறவினரை அழைத்துப் போவதாக இருந்தால் அனுமதி பற்றி முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள்.

அந்தச் சக்ராதா சாலையிலேயே, யமுனைக் கரையில் கல்சி. முசூரிக்குப் போகிற வண்டிகள் இந்தப் பக்கம் திரும்புவதே இல்லை. அங்கே ஒரு பாறையில் அசோகரின் 14 கட்டளைகளும் பிராமி எழுத்தில், பிராகிருத மொழியில் இருக்கின்றன. இரண்டாவது கட்டளையில் மனிதருக்கும் விலங்குக்கும் வைத்தியம் செய்ய ஏற்பாடு செய்த நாடுகளின் வரிசை வருகிறது: சோழர், பாண்டியர், சத்தியபுத்திரர், கேரளபுத்திரர், தாமிரபரணி (ஆறு அல்ல, இலங்கை) வரை. பாறையின் இன்னொரு பக்கத்தில் ஒரு யானை உருவம் கோடாக வெட்டியிருக்கிறது. அதையும் பார்க்காமல் திரும்பிவிடாதீர்கள்.