மியூனிக்கில் வேலை, தேனியில் வீடு: வார இறுதிப் பயணத்தையும் ஊர்ப் பயணத்தையும் திட்டமிடுவது எப்படி?

ஜெர்மனிக்கு வேலைக்கு வந்த முதல் வருடம் பலரும் ஒரே மாதிரிதான் ஆரம்பிக்கிறார்கள். ரோமுக்கு மலிவாக டிக்கெட் கிடைத்தால் இரண்டு நாள் லீவு, பாரிஸுக்கு நண்பர்கள் கூப்பிட்டால் இன்னும் மூன்று நாள் என்று லீவைச் சில்லறையாகச் செலவழித்துவிடுகிறார்கள். பொங்கல் நெருங்கும்போது ஊருக்குப் போகச் சேர்ந்தாற்போல் பத்து நாள் கையில் இருக்காது. புதிதாக வந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு நான் சொல்லும் வரிசை இதற்கு நேர் எதிர். ஊருக்குப் போகும் தேதியை முதலில் குறியுங்கள். மிச்சமிருக்கும் சனி ஞாயிறுகளில் ஐரோப்பாவைச் சுற்றுங்கள். அதற்கு லீவே தேவைப்படாது.

நான் மியூனிக்கில் இருப்பதால் உதாரணங்கள் எல்லாம் மியூனிக் இருக்கும் பவேரியா மாநிலத்தைச் சுற்றியே வரும். முறை எந்த ஊருக்கும் பொருந்தும்.

படி 1: காலண்டர்

வாரம் ஐந்து நாள் வேலை என்றால் ஜெர்மன் சட்டப்படி வருடத்துக்குக் குறைந்தது 20 நாள் லீவு. பெரும்பாலான ஐடி நிறுவனங்கள் 28 முதல் 30 நாள் வரை தருகின்றன. இதோடு மியூனிக்கில் 13 பொது விடுமுறைகள் உண்டு. ஆனால் விடுமுறை ஞாயிற்றுக்கிழமையில் விழுந்தால் போனது போனதுதான், திங்கட்கிழமை ஈடு தர மாட்டார்கள்.

ஏசு விண்ணேற்ற நாள் எப்போதுமே வியாழக்கிழமையில்தான் வரும். வெள்ளி ஒருநாள் லீவு போட்டால் நான்கு நாள் கிடைத்துவிடும். இந்த இடைநாளை இங்கே 'ப்ரூக்கன்டாக்' என்பார்கள். அலுவலகத்தில் எல்லோருக்கும் அதன் மேல் கண் இருக்கும், ஆகவே ஜனவரியிலேயே கேட்டு வையுங்கள்.

பொங்கலுக்கு என் யோசனை: கிறிஸ்துமஸ் வாரத்தில் கிளம்பாதீர்கள், அப்போது விமான டிக்கெட் விலை உச்சத்தில் இருக்கும். பவேரியாவில் ஜனவரி 6 விடுமுறை. அது முடிந்து ஓரிரு நாளில் கிளம்பினால் கூட்டமும் குறைவு, விலையும் குறைவு. போகிக்கு வீட்டில் இருக்கலாம், காணும் பொங்கல் முடிந்தும் ஒரு வாரம் தங்கலாம். கிறிஸ்துமஸ் நேரத்தில் குழந்தை உள்ள சக ஊழியர்களுக்காக நீங்கள் அலுவலகத்தைப் பார்த்துக்கொண்டால், ஜனவரியில் உங்களுக்கு யாரும் மறுப்புச் சொல்ல மாட்டார்கள்.

படி 2: காகிதங்கள்

டிக்கெட் போடுவதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை இது. பலர் டிக்கெட் போட்ட பிறகுதான் பர்ஸிலிருந்து அட்டையை எடுத்துத் தேதி பார்க்கிறார்கள்.

இன்னும் குடியிருப்பு அட்டை வரவில்லை, கையில் டி விசாதான் (நீண்ட நாள் தங்குவதற்கான நுழைவு விசா) இருக்கிறது என்றால், விசா ஸ்டிக்கரில் எத்தனை முறை நுழையலாம் என்ற கட்டத்தைப் பாருங்கள். 'மல்ட்', அதாவது பலமுறை என்று இருந்தால்தான் ஊருக்குப் போய்த் திரும்பி வர முடியும்.

அட்டை இருந்து, அது காலாவதி ஆகும் காலம் நெருங்குகிறது என்றால் கவனம். புதுப்பிக்கும் விண்ணப்பத்தைப் பழைய அட்டை முடிவதற்கு முன்பே கொடுத்துவிட வேண்டும். புது அட்டை பெர்லினில் அச்சாகி வரப் பல வாரங்கள் ஆகும். அந்த இடைவெளிக்கு வெளிநாட்டவர் அலுவலகம் மடித்த தாள் ஒன்றைத் தரும். நம்மவர்கள் அதை 'ஃபிக்ஷன் சர்டிபிகேட்' என்கிறார்கள். அந்தத் தாளில் 3ஆம் பக்கத்தில் மூன்று கட்டங்கள் இருக்கும். மூன்றாவது கட்டத்தில் குறி இருந்தால், அதாவது குடியிருப்புச் சட்டத்தின் 81ஆம் பிரிவின் 4ஆம் உட்பிரிவு என்று இருந்தால், உங்கள் பழைய அனுமதி தொடர்வதாக அர்த்தம். அதையும் பழைய அட்டையையும் பாஸ்போர்ட்டையும் சேர்த்துக் காட்டி ஜெர்மனிக்குள் திரும்ப வரலாம். முதல் இரண்டு கட்டங்களில் ஏதாவது ஒன்றில் குறி இருந்தால் நாட்டை விட்டுக் கிளம்பாதீர்கள், திரும்பி வர அது செல்லாது.

சட்டம் தெளிவாகத்தான் இருக்கிறது. சிக்கல் எல்லாம் சென்னை விமான நிலைய கவுண்டரில்தான். அங்கே இருக்கும் ஊழியர் இந்தத் தாளை அடிக்கடி பார்த்திருக்க மாட்டார். நான் போனபோது, "இது என்ன சார் பேப்பர், கார்டு எங்கே?" என்று கேட்டார். பழைய அட்டையைக் கொடுத்தேன். தேதி முடிந்துவிட்டதே என்றார். மூன்றாவது கட்டத்தின் குறியைக் காட்டினேன், ஜெர்மனில் எழுதியிருக்கிறதே என்றார். பின்னால் வரிசை நீண்டுகொண்டே போனது. மேலதிகாரியைக் கூப்பிடச் சொன்னேன். அவர் வந்து, எந்த நாட்டுக்கு என்னென்ன ஆவணம் வேண்டும் என்று விமான நிறுவனங்கள் பார்க்கும் டிமாட்டிக் பட்டியலில் தேடிப் படித்துவிட்டு, போர்டிங் பாஸை அச்சிடச் சொன்னார். ஆகவே இந்தத் தாளோடு பயணம் செய்பவர்கள் நான்கு மணி நேரம் முன்பே விமான நிலையம் போய்விடுங்கள். வேலை ஒப்பந்தமும் கடைசி மூன்று சம்பளச் சீட்டும் கையில் இருக்கட்டும். முடிந்தால் நேரடி விமானமாகப் பாருங்கள். நடுவில் ஒரு நாட்டில் இறங்கி ஏறினால் இதே கேள்வியை அங்கேயும் கேட்பார்கள்.

பாஸ்போர்ட் புதுப்பித்தவர்கள் பழைய பாஸ்போர்ட்டையும் கூடவே வைத்திருங்கள். அட்டையில் அந்தப் பழைய எண்தான் இருக்கும்.

நீண்ட நாள் ஊரில் தங்கப் போகிறவர்கள் கவனிக்க: சாதாரணக் குடியிருப்பு அனுமதி ஆறு மாதத்துக்கு மேல் வெளியே இருந்தால் தானாகவே ரத்தாகும். ப்ளூ கார்டுக்கு (உயர் தகுதி வேலைக்காரர்களுக்கான அனுமதி) அந்த வரம்பு பன்னிரண்டு மாதம்.

படி 3: விமானம்

பிராங்பர்ட்டிலிருந்து சென்னைக்கு லுஃப்தான்சாவின் நேரடி விமானம் இருக்கிறது. மியூனிக்கிலிருந்து பெங்களூருக்கும் அவர்கள் 2023 நவம்பரில் நேரடி சேவை தொடங்கினார்கள். ஓசூர், கிருஷ்ணகிரி, தர்மபுரி, சேலத்துக்காரர்களுக்கு அதுதான் வசதி. துபாய், தோஹா வழியாகப் போனால் பல நேரம் விலை குறையும், பெட்டி எடையும் கூடுதலாகத் தருவார்கள். வயதான பெற்றோரை அழைத்து வருவதாக இருந்தால் நேரடி விமானம்தான். அதில் எனக்கு இரண்டாவது யோசனையே கிடையாது.

மதுரைக்கோ கோவைக்கோ உள்நாட்டு விமானத்தைத் தனி டிக்கெட்டாகப் போடுபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. உள்நாட்டு விமானத்தில் பொதுவாக 15 கிலோதான் அனுமதி. நீங்கள் 23 கிலோ பெட்டியோடு வந்து நிற்பீர்கள். முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது டிக்கெட்டுக்கு யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள். ஒரே டிக்கெட்டாகப் போட முடிந்தால் போடுங்கள், இல்லாவிட்டால் ரயிலே நல்லது.

படி 4: சென்னையிலிருந்து வீட்டுக்கு

ரயில் முன்பதிவு 2024 நவம்பரிலிருந்து 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது. முன்பு 120 நாள். பொங்கல் வண்டிகள் திறந்த வேகத்தில் நிரம்பிவிடும். ஜெர்மனியில் குளிர்காலத்தில் நாம் இந்தியாவை விட நாலரை மணி நேரம் பின்னால் இருக்கிறோம். காலை 8 மணிக்கு அங்கே பதிவு திறக்கும்போது இங்கே அதிகாலை 3.30. அலாரம் வைத்து எழுவதைவிட, ஊரில் இருக்கும் தம்பியையோ மச்சானையோ போடச் சொல்வது எளிது. இந்திய சிம் கார்டை மட்டும் உயிரோடு வைத்திருங்கள், வங்கி ஓடிபி எல்லாம் அதில்தான் வரும்.

எழும்பூருக்குப் பதில் தாம்பரத்தில் ஏறுங்கள். தெற்கே போகும் வண்டிகளில் பல அங்கே நிற்கும். விமான நிலையத்திலிருந்து தாம்பரம் பக்கம். நள்ளிரவில் இறங்குபவர்களுக்கு இரவு வண்டிகள் எல்லாம் போயிருக்கும். காலை 6 மணிக்கு எழும்பூரிலிருந்து மதுரைக்குத் தேஜஸ் இருக்கிறது, மதிய உணவு நேரத்துக்குப் போய்விடலாம். எங்கள் தேனிப் பக்கத்துக்குச் சென்ட்ரலிலிருந்து போடி வண்டி 2023 முதல் ஓடுகிறது. வாரத்தில் மூன்று நாள்தான் என்பதால் விமானத் தேதியை அதற்கேற்பப் போடுங்கள்.

படி 5: வார இறுதிகள்

இதற்கு என் ஒரே பரிந்துரை டாய்ச்லாண்ட் டிக்கெட். 2023 மே மாதம் 49 யூரோவில் தொடங்கியது, 2025இல் 58 ஆனது, 2026 ஜனவரி முதல் 63. நாடு முழுக்க உள்ளூர் ரயில், மெட்ரோ, டிராம், பேருந்து எல்லாவற்றிலும் போகலாம். ஐசிஇ, ஐசி போன்ற விரைவு வண்டிகளில் மட்டும் ஏறக்கூடாது. உங்கள் நிறுவனம் குறைந்தது 25 சதவீதம் கொடுத்தால் இன்னும் 5 சதவீதம் தள்ளுபடி கிடைக்கும், மனிதவளத் துறையில் கேளுங்கள். இது மாதச் சந்தா. ஊருக்குப் போகும் மாதம் வேண்டாம் என்றால் முந்தைய மாதம் 10ஆம் தேதிக்குள் ரத்து செய்ய வேண்டும்.

செயலி என்றால் ஜெர்மன் ரயில்வேயின் டிபி நேவிகேட்டர் போதும். கூகுள் மேப்பை நம்பி ரயில் பிடிக்காதீர்கள், கடைசி நிமிட நடைமேடை மாற்றமெல்லாம் அதில் சரியாக வராது. நேவிகேட்டரில் உள்ளூர் வண்டிகளை மட்டும் காட்டும் வடிகட்டியைப் போட்டுவிடுங்கள்.

இனிதான் முக்கியமான விஷயம். பவேரியாவில் பல வண்டிகள் பாதி வழியில் இரண்டாகப் பிரியும். டேகர்ன்ஸே ஏரிக்குப் போவதாக வைத்துக்கொள்ளுங்கள். மியூனிக்கில் ஒரே நீள வண்டியாகத்தான் நிற்கும். ஹோல்ட்ஸ்கிர்ஷன் நிலையத்தில் ஒரு பகுதி பைரிஷ்செல்லுக்குப் பிரிந்துபோகும். மீதி மேலே போய் ஷாஃப்ட்லாகில் மறுபடி பிரியும், ஒன்று லெங்க்ரீஸுக்கு, ஒன்று டேகர்ன்ஸேக்கு. வண்டி சரியானதாக இருந்தும், தப்பான பெட்டியில் உட்கார்ந்திருந்தால் வேறு ஊருக்குத்தான் போவீர்கள். நடைமேடைப் பலகையில் எந்தப் பகுதி எங்கே போகிறது என்று எழுத்துக் குறியோடு போட்டிருப்பார்கள். ஏறிய பிறகு பெட்டிக்குள் இருக்கும் திரையில் கடைசி நிலையத்தின் பெயரைப் பாருங்கள். சந்தேகம் என்றால் பக்கத்தில் இருப்பவரிடம் ஊர்ப் பெயரை மட்டும் சொன்னால் போதும், கையைப் பிடித்துக் கூட்டிப்போகாத குறையாக உதவுவார்கள்.

அடுத்தது 'எஸ்இவி'. தண்டவாள வேலைகளை வார இறுதியில்தான் அதிகம் வைப்பார்கள். அன்று ரயிலுக்குப் பதில் பேருந்து ஓடும். நிலையத்துக்கு வெளியே தனி நிறுத்தம் இருக்கும். வெள்ளி இரவு ஒருமுறை பார்த்துவிட்டுத் தூங்குங்கள்.

எங்கே போகலாம்? ஃபுஸ்ஸன், ரீகன்ஸ்பர்க், பாஸாவ், லிண்டாவ், பெர்க்டெஸ்காடன் எல்லாமே இந்த டிக்கெட்டில் அடங்கும். எல்லை தாண்டி சால்ஸ்பர்க் ரயில் நிலையம் வரைக்கும் இதே டிக்கெட் செல்லும். முதல் வார இறுதிக்கு நான் சொல்வது சால்ஸ்பர்க்தான். இரண்டு மணி நேரத்துக்குள் வேறொரு நாடு.

திரும்பும்போது ஜெர்மன் எல்லை ஊரான ஃப்ரைலாஸிங்கில் வண்டி நிற்கும். போலீஸார் ஏறி ஒவ்வொரு இருக்கையாக வருவார்கள். ஒரு முறை எதிர் இருக்கையில் இருந்த பையன் குடியிருப்பு அட்டையை மட்டும் நீட்டினான். "பாஸ்?" என்றார் அதிகாரி. பாஸ்போர்ட் வீட்டில் இருந்தது. அவனை அடுத்த நிலையத்தில் இறக்கி விசாரித்தார்கள். ஷெங்கன் நாடுகளுக்குள் (ஒரே விசா செல்லும் ஐரோப்பிய நாடுகள்) 180 நாளில் 90 நாள் வரை நாம் தாராளமாகப் போய்வரலாம், ஆனால் அட்டை, பாஸ்போர்ட் இரண்டும் அசலாகக் கையில் இருக்க வேண்டும். போனில் எடுத்த படம் செல்லாது. 2024 செப்டம்பரிலிருந்து ஜெர்மனி தன் எல்லா நில எல்லைகளிலும் சோதனை வைத்திருக்கிறது. லண்டனும் டப்ளினும் ஷெங்கன் கிடையாது, தனி விசா வேண்டும்.

ஞாயிறு கடைகள் மூடியிருக்கும். சனிக்கிழமையே புளிசாதமோ தயிர்சாதமோ கட்டிக்கொள்ளுங்கள்.

படி 6: திரும்பும் பெட்டி

அம்மா கட்டிக் கொடுப்பதை எல்லாம் கொண்டுவர முடியாது. ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் வெளிநாட்டு இறைச்சி, பால் பொருள் கூடாது. நெய்யும் பால்கோவாவும் வேண்டாம். பச்சைக் கறிவேப்பிலையும் மாம்பழமும் தாவர நலச் சான்றிதழ் இல்லாமல் வராது. கறிவேப்பிலையை வீட்டிலேயே காயவைத்துப் பொடியாக அரைத்துக் கொண்டுவாருங்கள். சான்றிதழ் இல்லாமல் அனுமதிக்கும் பழங்கள் ஐந்தே ஐந்து: வாழை, தேங்காய், பேரீச்சை, அன்னாசி, டுரியான். கருவாடு 20 கிலோ வரை அனுமதி உண்டு, நன்றாகச் சுற்றிக் கட்டுங்கள். கொப்பரைத் தேங்காய் எளிதில் தீப்பற்றும் என்பதால் விமானத்தில் ஏற்றவே விட மாட்டார்கள். மிளகாய் ஊறுகாய் கைப்பையில் கூடாது, பெரிய பெட்டியில் வையுங்கள்.

பிற்சேர்க்கை 1: மூன்றாவது கட்டத்தில் குறி உள்ள ஃபிக்ஷன் சர்டிபிகேட் தாளோடு ஒரு வார இறுதிக்கு ப்ராக் போகலாமா என்று பலர் கேட்டிருக்கிறீர்கள். போகாதீர்கள். அந்தத் தாள் ஜெர்மனிக்குத் திரும்புவதற்கானது. பக்கத்து நாட்டு அதிகாரி ஏற்றுக்கொள்வார் என்று நம்பிக் கிளம்ப வேண்டாம். புது அட்டை வரும்வரை ஜெர்மனிக்குள்ளேயே பார்க்க எவ்வளவோ இருக்கிறது.

பிற்சேர்க்கை 2: ஃப்ரைபர்க்கில் இருப்பவர்களுக்கு: டாய்ச்லாண்ட் டிக்கெட் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் உள்ள பாசல் பாடிஷர் நிலையம் வரை செல்லும். அதே வண்டியிலேயே உட்கார்ந்து அடுத்த நிறுத்தமான பாசல் எஸ்பிபி வரை போனால் தனி டிக்கெட் வேண்டும். பாடிஷரில் இறங்கி டிராம் பிடித்தாலும் அதற்கும் சுவிஸ் டிக்கெட் எடுக்க வேண்டும்.