ஜாஸ் பியானோவில் முதல் இம்ப்ரவைசேஷன்: எஃப் ப்ளூஸில் தொடங்குவது எப்படி?

ஜாஸ் பியானோவில் கற்பனையாக வாசிக்க (அதுதான் இம்ப்ரவைசேஷன்) ஆசைப்படுகிறவர்கள் முதலில் ஸ்கேல்களை, அதாவது சுர வரிசைகளைத் தேடித்தான் போகிறார்கள். பத்து ஸ்கேல் மனப்பாடம் ஆகிவிடும், ஆனால் வாசித்தால் ஜாஸ் போலவே கேட்காது. கார்ட் (சேர்ந்து ஒலிக்கும் சுரக் கூட்டம்) மாறும் நொடியில் எந்தச் சுரத்தில் வந்து நிற்கிறீர்கள் என்பதில்தான் காது குறியாக இருக்கும். அப்படி நிற்கும் இடத்தை முதல் நாளிலிருந்தே பழக்க, எஃப் சுருதியில் 12 பார் ப்ளூஸ் என்ற பாட்டு அமைப்பைவிட நல்ல களம் இல்லை.

61 கட்டை கீபோர்டும் கைபேசியில் ஒரு மெட்ரோனோமும் (சீராகத் தட்டு ஒலிக்கும் செயலி) போதும். ஒலியை நீட்டிக்கும் சஸ்டெயின் பெடலை இப்போதைக்குத் தொட வேண்டாம். அதை மிதித்தால் ஒரு கார்ட் அடுத்ததோடு குழம்பி, மாற்றமே காதில் விழாது.

படி 1: வரைபடம்

ஒரு பாருக்கு நான்கு தட்டு. மொத்தம் 12 பார்கள், முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து. ஃபிளாட் என்றால் அந்தச் சுரத்துக்கு ஒரு கட்டை கீழே. கட்டை எண்ணும்போது கருப்பு, வெள்ளை இரண்டையும் சேர்த்தே எண்ணுங்கள்.

1 முதல் 4: எஃப் செவன் | பி ஃபிளாட் செவன் | எஃப் செவன் | எஃப் செவன்
5 முதல் 8: பி ஃபிளாட் செவன் | பி ஃபிளாட் செவன் | எஃப் செவன் | எஃப் செவன்
9 முதல் 12: சி செவன் | பி ஃபிளாட் செவன் | எஃப் செவன் | சி செவன்

படி 2: இடது கைக்கு இரண்டே சுரம்

எஃப் செவன் என்பது எஃப், ஏ, சி, ஈ ஃபிளாட். நான்கையும் அழுத்தத் தேவையில்லை. கார்டின் பெயர்ச் சுரத்தை ஒன்று என வைத்து எழுத்து வரிசையில் எண்ணினால் (எஃப், ஜி, ஏ...), அதன் குணத்தைச் சொல்பவை மூன்றாம் சுரமும் ஏழாம் சுரமும்தான். இங்கே அவை ஏ, ஈ ஃபிளாட். நடு சிக்கு (கீபோர்டின் நடுவிலுள்ள சி) கீழே, சுண்டுவிரலில் ஈ ஃபிளாட், பெருவிரலில் ஏ என்று பிடியுங்கள்.

இப்போது இரண்டு விரலையும் ஒரு கட்டை கீழே இறக்குங்கள்: டி, ஏ ஃபிளாட். இது பி ஃபிளாட் செவன். எஃப் செவனிலிருந்து ஒரு கட்டை மேலே ஏற்றினால் ஈ, பி ஃபிளாட். அது சி செவன். ப்ளூஸின் மூன்று கார்ட்களும் அடுத்தடுத்த கட்டைகளில் அடங்கிவிடுகின்றன. கை எங்கும் தாவ வேண்டியதில்லை.

மெட்ரோனோமை நிமிடத்துக்கு 80 தட்டில் வைத்து, பாருக்கு ஒருமுறை முதல் தட்டில் அழுத்தி, நான்கு தட்டும் பிடித்திருங்கள். வலது கை மடியிலேயே இருக்கட்டும். பெரும்பாலோர் 7, 8ஆம் பார்களில் கணக்கைத் தொலைக்கிறார்கள், ஏனென்றால் அங்கே கார்ட் மாறுவதில்லை. ஒவ்வொரு பாரின் முதல் தட்டிலும் ‘ஒன்று’ என்பதற்குப் பதில் அந்தப் பாரின் எண்ணைச் சொல்லுங்கள்: ‘ஏழு, இரண்டு, மூன்று, நான்கு, எட்டு, இரண்டு, மூன்று, நான்கு.’ ஐந்து சுற்று தவறில்லாமல் வந்தபிறகு அடுத்த படிக்குப் போகலாம்.

இதே சுரங்களை இன்னும் ஓர் ஆக்டேவ் (அதே பெயர்ச் சுரம் திரும்ப வரும் தூரம்) கீழே வாசித்துப் பார்த்தால் சத்தம் சேறுபோல் கலங்கும். ஆகவே நடு சிக்கு அருகிலேயே இருங்கள்.

படி 3: ஸ்விங்

ஒரு தட்டில் இரண்டு சுரம் வாசிக்கும்போது ஜாஸில் அவை சமமாக விழுவதில்லை. இதுதான் ஸ்விங். தட்டுக்கு ஒரு ‘தகிட’ சொல்லுங்கள். முதல் சுரம் ‘தகி’ முழுவதும் நீளும், இரண்டாவது ‘ட’வில் விழும். வேகம் கூடக் கூட இந்த வித்தியாசம் தானாகக் குறைந்து இரண்டும் சமத்தை நெருங்கும். 80இல் ‘தகிட’ கணக்கே சரி. பிடிபட்டதும் மெட்ரோனோமை 40க்குக் குறைத்து, அதன் ஒலியை 2ஆம், 4ஆம் தட்டுகளாக எடுத்துக்கொள்ளுங்கள். முதல் இரண்டு நாள் தடுமாறும், ஆனால் ஸ்விங் உடம்பில் ஏற இதைப்போல் உதவும் பயிற்சி வேறில்லை.

படி 4: ஒரு சுரம், பிறகு மூன்று

வலது கையில் எஃப் மட்டும். 12 பாருக்கும் அது ஒன்றே போதும். எப்போது தட்டுகிறீர்கள், எவ்வளவு நேரம் பிடிக்கிறீர்கள், எங்கே சும்மா இருக்கிறீர்கள் என்பவை மட்டுமே மாறலாம். இது குழந்தை விளையாட்டு என்று கடந்து போகாதீர்கள். ஜாஸ் இசையமைப்பாளர் டியூக் எலிங்டனின் ‘சி ஜாம் ப்ளூஸ்’ மெட்டு முழுவதும் ஜி, சி என்ற இரண்டே சுரங்களால் ஆனது. அதைத் தூக்கி நிறுத்துவது தாளம்தான்.

பிறகு எஃப், ஏ ஃபிளாட், பி ஃபிளாட் என மூன்று சுரங்கள். மூன்று கார்ட்களின் மேலும் இவற்றை வாசிக்கலாம். எஃப் செவன் மேல் ஏ ஃபிளாட் வாசித்தால் இடது கையின் ஏவோடு உரசும். அந்த உரசலில்தான் ப்ளூஸின் ருசி இருக்கிறது. கிட்டார்க்காரர் கம்பியை இழுத்துச் சுரத்தை வளைப்பார். பியானோவில் அது முடியாது என்பதால் ஒரே விரலை ஏ ஃபிளாட்டிலிருந்து பக்கத்து வெள்ளைக் கட்டையான ஏவுக்கு வழுக்கி இறக்குகிறார்கள்.

படி 5: நிற்கும் இடம்

உண்மையான வேலை இங்கேதான் தொடங்குகிறது, அதிக நாள் செலவிட வேண்டியதும் இங்கேதான்.

4ஆம் பாரின் கடைசித் தட்டில் ஏ, 5ஆம் பாரின் முதல் தட்டில் ஏ ஃபிளாட். ஒரே ஒரு கட்டைதான் இறங்கியிருக்கிறீர்கள், ஆனால் இடது கையை எடுத்துவிட்டாலும் கார்ட் மாறியது கேட்கும். அதேபோல் 8ஆம் பாரின் முடிவில் ஈ ஃபிளாட், 9ஆம் பாரின் தொடக்கத்தில் ஈ. இந்த இரண்டு இடங்களை மட்டும் குறிவைத்து, மற்ற இடங்களில் படி 4இல் செய்ததையே செய்யுங்கள். ஒரு வாரம் இது போதும்.

அடுத்து, நிற்கும் சுரத்தைச் சுற்றி வளைத்து வாருங்கள்: மேலிருந்து ஒன்று, கீழிருந்து ஒன்று, பிறகு அதுவே. ஏவுக்கு: பி ஃபிளாட், ஏ ஃபிளாட், ஏ. ஏ ஃபிளாட்டுக்கு: பி ஃபிளாட், ஜி, ஏ ஃபிளாட். ஈக்கு: எஃப், ஈ ஃபிளாட், ஈ. முதல் இரண்டு சுரமும் 4ஆம் தட்டின் ‘தகி’யிலும் ‘ட’விலும் விழ, மூன்றாவது புதிய பாரின் முதல் தட்டில் இறங்க வேண்டும். அரைத் தட்டு தாமதமானாலும் விளைவு போய்விடும்.

தவறான கட்டை பட்டுவிட்டால் நிறுத்தாதீர்கள். அதற்கு மேலோ கீழோ ஒட்டியிருக்கும் கட்டை பெரும்பாலும் சரியானதாக இருக்கும், அங்கே நகருங்கள்.

படி 6: மூச்சு

டிரம்பெட்காரருக்கு மூச்சு தீரும், அதனால் வாக்கியம் தானாக முடியும். பியானோவுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. ஆரம்ப நிலையில் விரல் நிற்காமல் ஓடிக்கொண்டே இருப்பதற்கு இதுவே காரணம். வாசிப்பதை வாய்விட்டுப் பாடிக்கொண்டே வாசியுங்கள். ஜாஸ் பியானோ கலைஞர்கள் எரோல் கார்னர், ஆஸ்கார் பீட்டர்சன் பதிவுகளிலேயே அவர்களின் குரல் கேட்கும்.

ப்ளூஸ் பாட்டின் பழைய அமைப்பும் கைகொடுக்கும். ஒரு வரி, அதே வரி மறுபடி, மூன்றாவதாகப் பதில். முதல் நான்கு பாரில் இரண்டு பார் வாசித்து இரண்டு பார் ஓய்வு. 5ஆம் பாரில் அதே வாக்கியம், ஏ வரும் இடத்தில் மட்டும் ஏ ஃபிளாட். 9ஆம் பாரில் புதிதாக ஒரு பதில். தினம் 20 நிமிடம் வாசித்து, கடைசிச் சுற்றைக் கைபேசியில் பதிவு செய்து மறுநாள் கேளுங்கள். இடது கை வலது கையை மூழ்கடிக்கிறதா என்பது அப்போதுதான் தெரியும்.

அடுத்து

இவை நிலைத்ததும் இடது கையை 1ஆம் தட்டிலும், 2ஆம் தட்டின் ‘ட’விலும் அழுத்திப் பழகுங்கள். பிறகு ஜாஸ்காரர்கள் மாற்றும் மூன்று கார்ட்களைச் சேர்க்கலாம்: 8ஆம் பாரில் டி செவன், 9இல் ஜி மைனர் செவன், 10இல் சி செவன். இடது கையின் கீழ்ச் சுரம் எஃப் ஷார்ப் (எஃப்புக்கு ஒரு கட்டை மேலே), எஃப், ஈ என்று ஒவ்வொரு கட்டையாக இறங்கி, 11ஆம் பாரில் ஈ ஃபிளாட்டில் வந்து சேரும். மேலே சி, பி ஃபிளாட், பி ஃபிளாட், ஏ.